கேள்வி எழுதப்படும் முன்பே

ஆட்டிச நிலையாளர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தனிப் பிரிவு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர்கள் பயிற்சி பெற்றவர்கள். சுவர்களில் கண்ணை உறுத்தாத வண்ணம். வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வசதி. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் முன்பதிவு செய்யத் தொலைபேசியில்தான் அழைக்க வேண்டும். யார் எடுப்பார், என்ன கேட்பார், எதிர்முனை மௌனமானால் பேச வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா, எதுவும் தெரியாது. முகம் தெரியாத குரலோடு பேசுவதே பெரும்பாடாக இருக்கும் ஒருவர், மூன்று நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கைவிட்டுவிடுவார். அந்தப் பிரிவின் பதிவேட்டில் அவர் பெயர் ஏறாது. ஆகவே அப்படி ஒருவர் வர முயன்றார் என்பதே அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. திட்டம் தீட்டிய மேசையைச் சுற்றித் தொலைபேசிக்கு அஞ்சும் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

2022இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இந்த இடைவெளியை எண்களில் காட்டியது. ஆட்டிச நிலையில் உள்ள 507 வயது வந்தோரிடம் பொது மருத்துவரைப் பார்க்கப் போவது பற்றிக் கேட்டார்கள். 80 சதவீதம் பேர் சிரமம் என்றார்கள். ஒப்பீட்டுக்காகக் கேட்கப்பட்ட மற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 சதவீதம். என்ன சிரமம்? உடலில் தெரியும் அறிகுறி மருத்துவரிடம் போகும் அளவுக்குப் பெரியதா என்று முடிவு செய்ய இயலவில்லை என்றவர்கள் 72 சதவீதம். தொலைபேசியில் முன்பதிவு செய்வது கடினம் என்றவர்கள் 62 சதவீதம். காத்திருப்பறையே தடை என்றவர்கள் 51 சதவீதம். அந்த ஆய்வை முன்னின்று நடத்திய மேரி டோஹர்ட்டி, அயர்லாந்தைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர். தாமும் ஆட்டிச நிலையாளர். தொலைபேசியையும் காத்திருப்பறையையும் பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே அந்த வாழ்க்கை அனுபவத்தின் பலன் என்று நான் நினைக்கிறேன். மருந்துகளையும் நோயறிதலையும் பற்றி மட்டும் கேட்டிருந்தால் இந்த விடைகள் வெளியே வந்திருக்க வழியே இல்லை.

ஆய்விலும் சேவைகளை வடிவமைப்பதிலும் ஆட்டிச நிலையாளர்களையும் குடும்பங்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், அவர்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களையும் அவர்களுடைய அமைப்புகளையும் நெருக்கமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 4ஆவது பிரிவில் அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. இதை வெளிப்படையாக மறுப்பவரைக் காண்பது அரிது. சிக்கல் இருப்பது, எந்தக் கட்டத்தில் அழைக்கிறார்கள் என்பதில். கேள்வி முடிவாகி, நிதி ஒதுக்கப்பட்டு, படிவம் அச்சான பிறகு கருத்துக் கேட்பதற்கும், என்ன கேள்வி என்றே தெரியாத நாளில் சேர்ந்து உட்காருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

பிரிட்டனில் 2007 முதல் 2011 வரை ஆட்டிச ஆய்வுக்குச் செலவான பணத்தை லிஸ் பெலிக்கானோவும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். உயிரியல், மூளை, அறிதிறன் ஆகியவற்றுக்கு 56 சதவீதம். சேவைகள் பற்றிய ஆய்வுக்கு 5 சதவீதம். சமூகம் சார்ந்த கேள்விகளுக்கு 1 சதவீதம். எந்த ஆய்வு வேண்டும் என்ற கேள்வியை ஆட்டிச நிலையாளர்களிடமும் குடும்பங்களிடமும் கொண்டுபோனபோது, அன்றாட வாழ்க்கையைத் தொடும் ஆய்வுதான் வேண்டும் என்றார்கள். பின்னர் 2016இல், நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்து ஆய்வுக் கேள்விகளை வரிசைப்படுத்த உதவும் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி என்ற பிரிட்டன் அமைப்பின் முறைப்படி ஆட்டிச நிலையாளர்கள், குடும்பத்தினர், தொழில்முறையாளர்கள் மூவரும் கூடி ஆய்வுக்கான முதல் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டியலில் முதலில் நின்றது மனநலம்: எந்த உதவி பயன்தருகிறது, அதை ஆட்டிச நிலைக்கேற்ப எப்படி மாற்றுவது? பதற்றம், வயது வந்தோருக்கான பராமரிப்பு, குடும்பங்களுக்கான உதவி ஆகியவையும் அந்தப் பத்தில் இருந்தன. அடிப்படை உயிரியல் ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூற்றில் ஒரு பங்குதான் சமூகத்துக்கு என்ற கணக்கை அந்த மூன்று தரப்பினரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டிருக்கவே மாட்டார்கள் என்பதுதான் என் வாதம்.

குடும்பங்களின் பங்கைப் பற்றிப் பேசும்போது, அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1943இல் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்து எழுதிய மனநல மருத்துவர் லியோ கேனர், அந்தப் பெற்றோரில் உள்ளன்பு மிக்கவர்கள் குறைவு என்றும் குறிப்பிட்டிருந்தார். அந்த விதை வளர்ந்து, அன்பில்லாமல் உறைந்துபோன தாய்தான் காரணம் என்ற கொள்கையாக மாறியது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தம் நூலின் வழியே அதைப் பரவலாக மக்களிடம் கொண்டுசென்றார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குழந்தையோடு சேர்த்து இந்தக் குற்றச்சாட்டையும் சுமந்தார்கள். அதை உடைத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பெற்றோரே. உளவியலாளரும் ஆட்டிச நிலை மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உயிரியல் சார்ந்தது என்று 1964இலேயே விரிவாக வாதாடினார். லண்டனில் 1962இல் பெற்றோர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் லோர்னா விங். அவருடைய மகளும் ஆட்டிச நிலையில் இருந்தவர். அவரும் ஜூடித் கூல்டும் 1979இல் வெளியிட்ட ஆய்வுதான், ஆட்டிசத்தை ஒரு குறுகிய பெட்டிக்குள் அடைக்காமல் விரிந்த நிறமாலையாகப் பார்க்க வழிகோலியது. வீட்டில் கண்ட உண்மை அறிவியலைத் திருத்திய வரலாறு இது. ‘பெற்றோர் உணர்ச்சிவசப்படுவார்கள், ஆய்வுக்கு ஒத்துவர மாட்டார்கள்’ என்று இன்றும் சொல்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் பெற்றோரின் குரலே ஆட்டிச நிலையாளரின் குரலாகிவிடாது. 1993இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டில் ஆட்டிச நிலையாளரான ஜிம் சின்க்ளேர் பெற்றோரைப் பார்த்துப் பேசியது இதைத்தான். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்ற துயரம் உங்களுடையது. எங்கள் இருப்பையே துக்கமாகக் கொண்டாடாதீர்கள் என்ற பொருளில் அவர் பேசினார். அந்தப் பேச்சு இன்றும் சில பெற்றோரைச் சுடுகிறது. ஏனென்றால் அவர்களின் இரவு வேறு. பிள்ளை தூங்குவதில்லை. தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். கதவு திறந்திருந்தால் சாலைக்கு ஓடிவிடுகிறான். அந்தத் தாயிடம் போய் ‘இது வேறுபாடு மட்டுமே’ என்று சொன்னால் அவர் காயப்படுவார். அதே அறையில் இருக்கும் ஆட்டிச நிலையாளர் ஒருவர், தன்னைப் போன்ற ஒரு பிள்ளையை ‘சுமை’ என்று அழைப்பதைக் கேட்டால் அவரும் காயப்படுவார்.

இந்த இரு காயங்களையும் ஒரே கூட்டத்தில் ஒரு மணி நேரத்தில் சமன்செய்துவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. எனக்குத் தெரிந்து உதவும் வழி, யார் எதற்கு உரியவர் என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்வது. தாயின் தூக்கம், அவருடைய வேலை, அவர் ஓய்ந்து உட்கார ஒரு பிற்பகல்: இவற்றைப் பற்றிச் சொல்ல உரியவர் தாய்தான். மகனின் வலி, பயம், பிடித்தம் பற்றி அவர் சொல்வது சாட்சியம். மிக நெருக்கமான, பெரும்பாலும் இருப்பதிலேயே சிறந்த சாட்சியம். ஆனாலும் சாட்சியமே. ஆய்வுப் படிவங்களில் பல, இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் நிரப்பச் சொல்கின்றன. ‘குழந்தைக்குப் பயிற்சி பயனளித்ததா?’ என்ற கேள்விக்குக் களைத்துப்போன தாய் ‘ஆம்’ என்று எழுதினால், பயன் யாருக்குக் கிடைத்தது என்பது அந்த விடையில் தெரியாது. முதலில் தனித்தனியே கேட்டு, பிறகு இரு தரப்பையும் ஒன்றாக அமர்த்துவது நல்லது. இன்னொன்றும் உண்டு: பிள்ளைக்கு ஆட்டிசம் என்று உறுதியான பிறகு, தமக்கும் அதே நிலை இருப்பதைக் கண்டுகொள்ளும் பெற்றோர் குறைவில்லை. அவர்களை எந்த அறைக்கு அனுப்புவது என்று கூட்டம் நடத்துபவர் தீர்மானிக்கக் கூடாது, அவர்களே சொல்லட்டும்.

சொல்லிலும் இந்தப் பிளவு உண்டு. 2016இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்களில் பலர் ஆட்டிசத்தைத் தம்மிலிருந்து பிரிக்காத சொல்லை விரும்பினார்கள். ‘ஆட்டிசம் உள்ளவர்’ என்று பிரித்துச் சொல்வதைத் தொழில்முறையாளர்களே அதிகம் விரும்பினார்கள். எல்லோருக்கும் ஒத்த ஒரே சொல் கிடைக்கவில்லை. ஆகவே எதிரில் இருப்பவரிடம் எப்படி அழைக்கட்டும் என்று கேட்டுவிடுவதே முறை.

ஈடுபடுத்துவதால் அறிவியலுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் டேமியன் மில்டனைப் படிக்க வேண்டும். தாமும் ஆட்டிச நிலையாளரான இந்தச் சமூகவியலாளர் 2012இல் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்டிச நிலையாளருக்குப் பிறர் மனம் புரிவதில்லை என்பதுதான் அதுவரை பாடம். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, மற்றவர்களுக்கும் ஆட்டிச நிலையாளரின் மனம் புரிவதில்லை என்றார் மில்டன். 2020இல் கேத்தரின் கிராம்ப்டனின் குழு இதைச் சோதித்தது. எட்டுப் பேர் வரிசை. முதலாமவர் கேட்ட கதையை இரண்டாமவருக்குச் சொல்ல, அவர் மூன்றாமவருக்குச் சொல்ல, கதை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். ஆட்டிச நிலையாளர்கள் மட்டுமே இருந்த வரிசைகள், மற்றவர்கள் மட்டுமே இருந்த வரிசைகளுக்குச் சளைக்கவில்லை. இருவரும் கலந்த வரிசையில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. 2025இல் 300க்கும் மேற்பட்டவர்களோடு நடந்த பெரிய ஆய்வில், கலப்பு வரிசைகளின் அந்தச் சரிவு தெரியவில்லை. ஆட்டிச நிலையாளர்கள் செய்தியைக் கடத்துவதில் குறைந்தவர்கள் அல்லர் என்பது மட்டும் அங்கேயும் நிலைத்தது. கருத்து சோதனைக்கு உட்படுகிறது, திருத்தப்படுகிறது. அறிவியல் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியே, உள்ளிருந்து ஒருவர் கேட்கும்வரை பிறக்கவில்லை.

புலனுணர்வுக் கதையும் இதே போன்றது. சத்தம் வலியாகக் குத்துவதையும் துணியின் உரசல் தாங்க முடியாததாவதையும் டெம்பிள் கிராண்டின் முதலான ஆட்டிச நிலையாளர்கள் 1980களிலிருந்தே எழுதிவந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில், ஆட்டிசத்தை அறிவதற்கான அளவுகோல்களில் இது தெளிவாக இடம்பிடித்தது 2013இல்.

சேர்ந்து வேலை செய்வது நடைமுறையில் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் கிறிஸ்டினா நிக்கொலாய்டிஸ், டோரா ரேமேக்கர் இருவரும் 2006இல் தொடங்கிய ‘ஆஸ்பயர்’ என்ற கூட்டு ஆய்வு முயற்சியைச் சொல்லலாம். முன்னவர் மருத்துவர், ஆட்டிச நிலை மகனின் தாய். பின்னவர் ஆட்டிச நிலையாளர். கூட்டங்களை எழுத்து உரையாடலாகவே நடத்தினார்கள், ஏனென்றால் சிலருக்குப் பேச்சைவிட எழுத்து எளிது. பேசப்போகும் பொருள் முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். முடிவெடுக்க ஐந்து விரல் முறை: ஒரு முனையில் முழு உடன்பாடு, மறுமுனையில் ‘இதை என்னால் ஏற்கவே முடியாது’, இடையில் தயக்கத்தின் படிகள். ஒவ்வொருவரும் ஓர் எண்ணைச் சொன்னால் போதும். எதிர்ப்பவர் குரலை உயர்த்தவோ, சரியான நொடி பார்த்துக் குறுக்கிடவோ தேவையில்லை. எங்கே குறுக்கிடுவது என்று தெரியாமலே எத்தனை பேரின் மறுப்பு கூட்டங்களில் காணாமல் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு ஏற்பாட்டின் அருமை புரியும்.

அந்தக் குழு கேள்வித்தாள்களையும் திருத்தியது. இங்கே ஓர் எடுத்துக்காட்டை நானே போடுகிறேன். ‘நீங்கள் தனியாகக் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குவீர்களா? ஆம், இல்லை.’ சாதாரணக் கேள்வி. அதைப் படிக்கும் ஒருவரின் பேனா அந்தரத்தில் நிற்கிறது. எந்தக் கடை? பழகிய கடையா, புதியதா? பட்டியல் கையில் இருக்கிறதா? கூட்டம் இல்லாத நேரத்தில் காதுகளை மூடிக்கொண்டு போய்வர முடியும். வந்த பிறகு இரண்டு மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்பதால் ‘ஆம்’ என்று குறிக்கிறார். ஆய்வாளர் அதை ‘உதவி தேவையில்லை’ என்று எண்ணிக் கூட்டுகிறார். அந்தக் கூட்டுத்தொகையை வைத்து ஒரு துறை உதவி நேரத்தைக் குறைக்கிறது. ‘எவ்வளவு சிரமப்பட்டு? போய்வந்த பின் என்ன ஆகிறது?’ என்ற ஒரு வரியை, ஆட்டிச நிலையாளர் ஒருவர் வரைவைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் சேர்த்திருப்பார். ‘சில சமயம்’, ‘பெரும்பாலும்’ போன்ற விடைகளுக்கும் இதே கதிதான். வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால் விடை வரும்.

ஆஸ்பயர் உருவாக்கிய ஒரு கருவி, ஒருவர் தம் தேவைகளைக் குறித்துக் கொடுத்தால் மருத்துவருக்கான கடிதமாக அதைத் தொகுத்துத் தருகிறது: எப்படிப் பேசினால் புரியும், எதைத் தொடும் முன் சொல்ல வேண்டும், எந்த விளக்கு ஆகாது. 170 பேர் பயன்படுத்திப் பார்த்ததில், ஒரு மாதத்தில் அவர்கள் சந்தித்த தடைகள் குறைந்தன என்று 2016இல் வெளியிட்டார்கள். அதே வட்டத்திலிருந்து 2020இல் வந்ததுதான் ‘ஆட்டிசச் சோர்வு’ பற்றிய ஆய்வு. மாதக்கணக்கில் நீளும் களைப்பு, கற்ற திறன்கள் கைநழுவுவது, ஒலியும் ஒளியும் முன்னைவிடத் தாங்க முடியாமல் போவது. ஆட்டிச நிலையாளர்கள் தமக்குள் நெடுநாளாகப் பேசிவந்த சொல்லுக்கு அப்போதுதான் ஆய்வு இலக்கணம் கிடைத்தது.

தாமதமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 சாட்சி. அந்த ஆகஸ்டில் பிரிட்டனில் ‘ஸ்பெக்ட்ரம் 10கே’ என்ற ஆய்வு அறிவிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆட்டிச ஆய்வு மையம் தலைமை. 10,000 ஆட்டிச நிலையாளர்களிடமிருந்து மரபணு மாதிரியும் உடல்நலத் தகவலும் திரட்டுவது திட்டம். ஆட்டிச நிலையாளர்களிடமிருந்து எதிர்ப்பு உடனே எழுந்தது. என் மரபணு யாரிடம் போகும்? நாளை வேறு யார் கேட்டால் கொடுப்பீர்கள்? எங்களைப் போன்றவர்கள் பிறப்பதைத் தடுக்க இது பயன்படாது என்பதற்கு என்ன உறுதி? ஆட்டிசத்தை ஒழிப்பது நோக்கமன்று என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆனால் மூன்று வாரம் முடிவதற்குள், செப்டம்பரில், ஆய்வை இடைநிறுத்திப் பரந்த கலந்தாலோசனைக்குப் போக நேர்ந்தது. கேட்கப்பட்ட கேள்விகள் கடினமானவை அல்ல. நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஓர் அறையில் கேட்டிருக்கக் கூடியவை.

இன்னொரு பெரிய குறை ஆய்வாளர்களிடம் மட்டுமல்ல, ஈடுபாட்டை வலியுறுத்தும் நம்மிடமும் இருக்கிறது. கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் பேசவும் எழுதவும் வல்லவர்கள். 2016இல் வெளியான ஆட்டிச ஆய்வுகளை ஜினி ரஸ்ஸலும் சக ஆய்வாளர்களும் 2019இல் அலசியபோது, பங்கேற்ற ஆட்டிச நிலையாளர்களில் 94 சதவீதம் பேர் அறிவுசார் குறைபாடு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. பேசாதவர்கள், அதிக உதவி தேவைப்படுபவர்கள் ஆய்விலும் இல்லை, ஆலோசனைக் குழுவிலும் இல்லை. அவர்களிடம் கேட்க முடியாது என்பது சோம்பல். படங்களைக் காட்டி ‘பிடிக்கும், பிடிக்காது’ என்று இரு பக்கம் வைக்கச் சொல்லலாம். அவர்களோடு கட்டடத்துக்குள் நடந்து, எந்த வாசலில் தயங்குகிறார்கள், எந்த மூலையில் நிற்க விரும்புகிறார்கள் என்று கவனிக்கலாம். அவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் படப்பலகையிலோ கருவியிலோ கேட்கலாம். ஒன்றில் மட்டும் உறுதி வேண்டும்: வெளிவரும் சொல் அவருடையதுதானா? கையைப் பிடித்து எழுத வைக்கும் முறையில், வார்த்தைகள் பிடித்தவருடையவை என்பதை 1990களின் சோதனைகள் காட்டிவிட்டன. ஒருவரின் பெயரில் இன்னொருவர் பேசுவது, அவரை அழைக்காமலே இருப்பதைவிடக் கொடுமை.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியிலிருந்து இரண்டாவது படிக்கு அவர் வைத்த பெயர் ‘சிகிச்சை’: கருத்துக் கேட்பதாகச் சொல்லி வந்தவர்களையே திருத்த முயல்வது. ஆட்டிசத்துறையில் அந்தப் பெயர் எவ்வளவு பொருந்திப்போகிறது! கூட்டத்தில் தன்னை ஆற்றிக்கொள்ளக் கையை ஆட்டிக்கொண்டிருப்பவரை ‘அமைதியாக உட்காருங்கள்’ என்று சொல்லும் அமைப்பாளர் அந்தப் படியில்தான் நிற்கிறார். 2021இல் கிறிஸ்டன் பொட்டெமா-பியூட்டலின் குழு, ஆட்டிச நிலைக் குழந்தைகளுக்கான பயிற்சிகள் பற்றிய 150 ஆய்வறிக்கைகளைப் படித்தது. பயிற்சியால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததா இல்லையா என்று 139 அறிக்கைகள் பேசவே இல்லை. அந்தப் பயிற்சிகளில் வளர்ந்து பெரியவர்களானவர்கள் ஆய்வுக் குழுவில் இருந்திருந்தால், முதல் கூட்டத்திலேயே அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேசையைச் சுற்றியுள்ள பேராசிரியருக்கும் அதிகாரிக்கும் அந்த நேரம் சம்பள நேரம். தாய் ஒரு நாள் கூலியை விட்டு வந்திருக்கிறார். ஆட்டிச நிலையாளர் அடுத்த நாள் முழுவதும் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தே வந்திருக்கிறார். அவர்களுக்கு ஒரு நன்றிச் சான்றிதழ் போதாது. பயணச் செலவு அன்றே கையில் கிடைக்க வேண்டும். உழைப்புக்கான ஊதியம் திட்ட மதிப்பீட்டிலேயே தனி வரியாக இருக்க வேண்டும். வர இயலாதவர் எழுதி அனுப்பினாலும் அதே ஊதியம்.

கூட்டம் முடிந்து மூன்று மாதம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை என்பதுதான் பங்கேற்றவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. அதற்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இப்படி எழுதலாம்: நீங்கள் தொலைபேசி முன்பதிவு வேண்டாம் என்றீர்கள். குறுஞ்செய்தியிலும் இணையத்திலும் பதிவு செய்யும் வழியை இந்த மாதம் தொடங்கிவிட்டோம். காத்திருப்பறை விளக்குகளை மாற்றச் சொன்னீர்கள். இந்த ஆண்டு நிதியில் இயலவில்லை, அதுவரை நீங்கள் வெளியே காத்திருந்தால், உங்கள் முறை வந்ததும் செய்தி அனுப்பி அழைக்கிறோம். பயிற்சி நேரத்தைக் குறைக்கச் சொன்னீர்கள்; நாங்கள் உடன்படவில்லை, காரணம் இது. மூன்றாவது வரியையும் மறைக்காமல் எழுதி அனுப்பும் நிறுவனத்துக்கு, அடுத்த முறை அழைக்கும்போது ஆட்கள் வருவார்கள்.